மருந்தைச் சுமந்த நாய்களும் பந்தயம் ஓடும் நாய்களும்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

"1925ல் அலாஸ்காவில் குழந்தைகளைக் காப்பாற்ற நாய்கள் மருந்து கொண்டு போச்சு. அதோட நினைவாகத்தான் அங்கே வருஷா வருஷம் இடிடராட் நாய் வண்டிப் பந்தயம் நடக்குது." இப்படி ஒரு செய்தி அவ்வப்போது ஃபார்வர்டில் சுற்றும். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி பெரும்பாலும் தப்பு. எங்கே தப்பு என்று பார்க்கப் போனால், நாய்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்வியில் போய் நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி.

டிப்தீரியா. தமிழில் தொண்டை அடைப்பான். பெயரே போதும், என்ன செய்யும் என்று புரிந்துவிடும். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒரு படலம் வளரும். குழந்தைக்கு மூச்சுக்குழாய் சிறியது. அந்தப் படலம் அடைத்தால் மூச்சு நின்றுவிடும். அதில் தப்பித்தாலும் கதை முடிவதில்லை. கிருமி தொண்டையிலேயேதான் இருக்கும், ஆனால் அது சுரக்கும் நச்சு ரத்தத்தில் கலந்து இதயத் தசையைத் தாக்கும். "காய்ச்சல் விட்டுப்போச்சு, பிள்ளை தேறிட்டான்" என்று வீட்டில் நினைக்கும்போது, இரண்டாவது வாரத்தில் இதயம் நின்று போவதும் உண்டு.

இதற்கு முதல் ஆயுதம் 1890ல் பெர்லினில் கிடைத்தது. பேரிங்கும் ஜப்பானைச் சேர்ந்த கிடசாடோவும் கண்டுபிடித்த நச்சுமுறிவு மருந்து, ஆன்டிடாக்ஸின். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு, 1901ல், பேரிங்குக்கு இதற்காகத்தான் கிடைத்தது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நச்சை ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துக் குழந்தைக்குப் போடுவார்கள். பாம்புக்கடிக்கு நாம் இன்றும் போடும் மருந்தும் இதே குதிரை வழிதான்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வச்சுக்கோங்க. இந்த மருந்து, ரத்தத்தில் மிதக்கும் நச்சைத்தான் பிடிக்கும். செல்லுக்குள்ளே நுழைந்துவிட்ட நச்சை ஒன்றும் செய்ய முடியாது. அதாவது, ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விலை உண்டு.

சரி, நோம் நகரத்துக்கு வருவோம்.

அலாஸ்காவின் மேற்குக் கரை. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றே தெற்கு. தங்கம் கிடைத்ததால் உருவான ஊர். 1925ல் அங்கே சுமார் 1,400 பேர். ஒரே ஒரு மருத்துவர், கர்டிஸ் வெல்ச். குளிர்காலத்தில் கடல் உறைந்தால் மறுபடி கோடையில்தான் கப்பல் வரும். ரயில் கிடையாது. சாலை கிடையாது.

அவரிடம் இருந்த டிப்தீரியா மருந்து எப்போதோ காலாவதி ஆனது. புதிதாக ஆர்டர் போட்டிருந்தார். கடைசிக் கப்பலில் அது வரவில்லை.

முதலில் சில குழந்தைகள் தொண்டை வலியோடு வந்தார்கள். டான்சில் என்றே நினைத்தார். ஜனவரியில் 3 வயதுச் சிறுவன் ஒருவனின் தொண்டையில் படலத்தைப் பார்த்துவிட்டார். காலாவதியான மருந்தைப் போட்டு, அதுவே ஆபத்தாகிவிட்டால்? தயங்கினார். பையன் இறந்துவிட்டான். அடுத்து வந்த 7 வயதுச் சிறுமிக்குத் துணிந்து போட்டுப் பார்த்தார். அவளும் பிழைக்கவில்லை.

அந்த மனிதரின் நிலையில் உங்களை வச்சுப் பாருங்க. என்ன நோய் என்று தெரியும், எது மருந்து என்று தெரியும், கையில் மட்டும் இல்லை.

அதோடு வெல்ச்சுக்கு இன்னொரு பயமும் இருந்தது. 1918 இன்ஃபுளூயன்சா அந்தப் பகுதிப் பழங்குடி மக்களைத் துடைத்துப் போட்டிருந்தது. பக்கத்தில் பிரெவிக் மிஷன் என்று ஒரு சிற்றூர். அங்கே இருந்த 80 பெரியவர்களில் 72 பேர் ஐந்தே நாளில் இறந்தார்கள். (அந்த ஊரின் உறைந்த மண்ணில் புதைக்கப்பட்ட ஒருவரின் நுரையீரலிலிருந்துதான் 1997ல் அந்த வைரஸின் மரபணு மீட்கப்பட்டது. அது தனி த்ரெட் போட வேண்டிய கதை.)

ஜனவரி 22 அன்று வெல்ச் தந்தி அடித்தார். 10 லட்சம் யூனிட் மருந்து உடனே வேண்டும். ஆங்கரேஜ் ரயில்வே மருத்துவமனையில் 3 லட்சம் யூனிட் இருப்பது தெரிந்தது. பத்து கேட்ட இடத்தில் மூன்று. மீதி வரும்வரை ஊரைத் தாங்க அது போதும்.

விமானத்தில் அனுப்பலாமே? அப்போதும் இதே கேள்விதான் எழுந்தது. ஆனால் அலாஸ்காவில் இருந்த விமானங்கள் திறந்த இருக்கை கொண்டவை. குளிர்காலத்துக்காகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. எஞ்சின் நடுவழியில் நின்றால் விமானியும் போவார், மருந்தும் போகும். ஆளுநர் ஸ்காட் போன் நாய் வண்டிதான் என்று முடிவெடுத்தார். பத்திரிகைகள் திட்டின. என் கணக்கில் அவர் எடுத்தது சரியான முடிவு.

கம்பளி சுற்றிய மருந்துப் பெட்டி ரயிலில் நெனானா வரை வந்தது. அங்கிருந்து நோம் 1,085 கிலோமீட்டர். தபால் வண்டிக்கு வழக்கமாக ஏறத்தாழ 25 நாள் ஆகும் பாதை. 20 ஓட்டுநர்கள், சுமார் 150 நாய்கள், அஞ்சலோட்டம் மாதிரி கைமாற்றிக் கைமாற்றிப் போவது என்று திட்டம்.

ஜனவரி 27 இரவு முதல் ஓட்டுநர் பில் ஷானன் கிளம்பினார். வழியில் குளிர் மைனஸ் 50 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது. முதல் நிறுத்தத்துக்கு வந்தபோது அவர் முகத்தில் சில இடங்கள் பனிக்கடியால் கறுத்திருந்தன. மூன்று நாய்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவற்றோடு கிளம்பினார். திரும்பி வந்து அவற்றைக் கூட்டிப் போனார். மூன்றும் பிழைக்கவில்லை.

சார்லி எவன்ஸ் என்ற ஓட்டுநரின் முன்னணி நாய்கள் இரண்டும் குட்டை முடி கொண்ட கலப்பின நாய்கள். அந்தக் குளிரில் தொடை இடுக்கில் முயல் தோல் கட்டி அனுப்புவது வழக்கம். அவசரத்தில் மறந்துபோச்சு. இரண்டும் பாதையிலேயே விழுந்தன. அவற்றின் இடத்தில் எவன்ஸே வாரை மாட்டிக்கொண்டு வண்டியை இழுத்தார் என்று சொல்வார்கள்.

இந்த ஓட்டுநர்களில் பலர் அலாஸ்காவின் பழங்குடியினர். இவர்கள் பெயர் எந்தச் சினிமாவிலும் வராது. செத்த நாய்களின் பெயரும் வராது.

வந்த பெயர்கள் இரண்டு. டோகோ, பால்டோ.

டோகோ 12 வயது நாய். நாய்க்கு 12 என்பது ஓய்வு பெற்று அடுப்படியில் படுத்திருக்க வேண்டிய வயது. அதன் உரிமையாளர் நார்வேயில் பிறந்த லியோனார்ட் செப்பாலா. மருந்தை எதிர்கொண்டு வாங்க நோமிலிருந்து கிழக்கே கிளம்பினார். அவர் போன பிறகு திட்டம் மாறியது, வேறு ஓட்டுநர்கள் சேர்க்கப்பட்டார்கள். அவருக்குச் சொல்ல வழியில்லை. வழியில் எதிரே வந்த வண்டியை ஏறக்குறைய கடந்தே போயிருப்பார். அதிலிருந்தவர் கத்திக் கூப்பிட்டதால் நின்றார். மருந்தை வாங்கிக்கொண்டு, உறைந்த நார்ட்டன் விரிகுடாவின் மேல், புயலில், இருட்டில் திரும்பினார். கீழே கடல். மேலே விரிசல் விடும் பனி. வழியைக் கண்டது மனிதன் இல்லை, டோகோ. மருந்தோடு மட்டும் 146 கிலோமீட்டர். மற்றவர்களின் சராசரியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

கடைசிக் கட்டத்தை ஓட்டியவர் குன்னார் காசன். அவர் வண்டியின் முன்னணியில் ஓடியது பால்டோ. அதுவும் செப்பாலாவின் நாய்தான், ஆனால் சரக்கு இழுக்கும் இரண்டாம் வரிசை நாய். காற்றில் வண்டி கவிழ்ந்து மருந்துப் பெட்டி பனிக்குள் விழுந்தது. காசன் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் துழாவி எடுத்தார். பிப்ரவரி 2, விடிகாலை ஐந்தரை மணிக்கு நோம். ஐந்தரை நாளில் வந்து சேர்ந்தது. மருந்து உறைந்திருந்தது, ஆனால் கெடவில்லை.

பதிவான மரணங்கள் ஐந்திலிருந்து ஏழு வரை. ஊருக்கு வெளியே பழங்குடிக் குடியிருப்புகளில் இறந்தவர்களை யாரும் சரியாகக் கணக்கெடுக்கவில்லை. வெல்ச்சே அப்படிச் சந்தேகப்பட்டார்.

(இடையில் ஒரு வேலை. உங்க வீட்டுக் குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் போடும் பென்டாவேலண்ட் ஊசியில் டிப்தீரியா தடுப்பும் இருக்கு. அதன் பிறகு ஒன்றரை வயதுக்கு மேல் ஒன்று, 5 வயதில் ஒன்று, 10லும் 16லும் ஒன்று. அட்டையை எடுத்து ஒருமுறை பார்த்துடுங்க. பார்த்துட்டு வாங்க, தொடரலாம்.)

இனி நாய்களுக்கு என்ன ஆனது?

அதே 1925 டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். பால்டோவே நேரில் நின்றது. செப்பாலாவுக்கு வாழ்நாள் முழுக்க வருத்தம். உழைத்தது டோகோ, சிலை பால்டோவுக்கா என்று.

அந்தப் புகழைப் பால்டோ சாப்பிட முடியுமா? இரண்டே வருஷத்தில் உரிமை கைமாறிக் கைமாறி, லாஸ் ஏஞ்சலீஸில் சில்லறை வாங்கிக்கொண்டு காட்டும் ஒரு வேடிக்கைக் கூடத்தில் மற்ற ஆறு நாய்களோடு கட்டிக் கிடந்தது. கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கிம்பிள் என்ற வியாபாரி தற்செயலாகப் பார்த்தார். விலை 2,000 டாலர். கிளீவ்லாந்து நகரமே வசூலில் இறங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சில்லறை போட்டார்கள். 1927 மார்ச்சில் ஏழு நாய்களும் அங்கே ஊர்வலமாக வந்து சேர்ந்தன. பால்டோ அந்த ஊர் விலங்குக் காட்சிசாலையில் 1933ல் இறந்தது.

சிலை வைத்த கைக்கும் கட்டிப்போட்ட கைக்கும் நடுவில் இரண்டு வருஷம்கூட முழுசா இல்லை.

இப்போது பந்தயம்.

இடிடராட் என்பது தங்கம் தீர்ந்ததும் கைவிடப்பட்ட ஒரு ஊரின் பெயர். அந்த ஊர் வழியாகப் போன பழைய தபால் பாதைதான் பந்தயத்தின் அடிப்படை. 1960களில் அலாஸ்கா கிராமங்களில் ஸ்னோமொபைல் வந்தது. பெட்ரோல் போட்டால் ஓடும், மீன் போட வேண்டாம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருந்த நாய்கள் சில வருஷத்தில் காணாமல் போயின. நாய் வண்டியே அழிந்துவிடும் என்று கவலைப்பட்டவர் ஜோ ரெடிங்டன். அவரும் டோரதி பேஜ் என்பவரும் 1967ல் ஒரு குறும்பந்தயம் நடத்தினார்கள். 1973ல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை முழுப் பந்தயம், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். மருந்து ஓட்டத்தின் நினைவு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட அலங்காரம். மூல நோக்கம் நாய்களையும் பாதையையும் காப்பாற்றுவது.

நாயைக் காப்பாற்ற ஆரம்பித்த பந்தயத்தில் முதல் வருஷமே பத்துக்கும் மேற்பட்ட நாய்கள் செத்தன. 34 பேர் கிளம்பி 22 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது முறையான கால்நடை மருத்துவ ஏற்பாடு இல்லை. எதிர்ப்பு கிளம்பியது, விதிகள் வந்தன.

இன்றைய நிலையை நியாயமாகச் சொல்லணும். பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு நாய்க்கும் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை. நம்மில் எத்தனை பேர் 40 வயசுல ஈசிஜி எடுத்திருக்கோம்? வழி நெடுக நிறுத்தங்களில் கால்நடை மருத்துவர்கள். கட்டாய 24 மணி நேர ஓய்வு ஒருமுறை, 8 மணி நேர ஓய்வு இரண்டு முறை. பாதத்துக்குத் துணிக் காலுறை. ஊக்கமருந்துப் பரிசோதனை. ஒரு நாய் இறந்தால், தவிர்க்கவே முடியாத விபத்து என்றால் ஒழிய, அந்த ஓட்டுநர் விலக வேண்டும்.

பலன் இருந்தது. 2009ல் ஆறு நாய்கள் இறந்தன, அடுத்த மூன்று வருஷம் ஒன்றுகூட இறக்கவில்லை. 2013ல், ஓட முடியாமல் நிறுத்தத்தில் விடப்பட்ட நாய் ஒன்று, இரவுப் புயலில் பனி மூடி மூச்சுத் திணறிச் செத்தது. அதன் பிறகே அப்படி விடப்படும் நாய்களுக்குத் தங்குமிடம் கட்டினார்கள். 2017ல் ஐந்து. 2019க்குப் பிறகு சில வருஷம் நிம்மதி. 2024ல் மூன்று. 2025ல் ஒன்று. ஆரம்பம் முதல் கூட்டினால் 150க்கும் மேல் என்பது எதிர்ப்பாளர்களின் கணக்கு.

அந்த உடம்பு எப்படிப்பட்டது தெரியுமா? 20, 25 கிலோ எடையுள்ள நாய். பந்தய நாட்களில் ஒரு நாளைக்கு 10,000 கலோரிக்கு மேல் எரிக்கும். 60 கிலோ மனிதன் சாதாரணமாக 2,000 சொச்சம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பத்து மடங்குக்கும் மேல். மராத்தான் ஓடும் மனிதனுக்குத் தசையிலுள்ள சர்க்கரை இருப்பு தீர்ந்ததும் கால் பின்னிக்கொள்ளும். இந்த நாய்களுக்கோ முதல் ஒன்றிரண்டு நாள்தான் அந்தச் சிரமம். பிறகு ஓடிக்கொண்டே உடம்பு கொழுப்புக்கு மாறி, சேதத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டேவிஸ் குழு இதைப் பல வருஷமாக ஆராய்ந்தது. உண்மையிலேயே அதிசயம்.

ஆனால் அதே குழு, பந்தயம் முடித்த நாய்களுக்கு எண்டோஸ்கோபி செய்தும் பார்த்தது. ஏறக்குறைய பாதி நாய்களின் இரைப்பையில் புண். மூச்சுக்குழாயைப் பார்த்தபோது, குளிர்காற்றை மணிக்கணக்கில் இழுத்ததில் பெரும்பாலானவற்றில் அழற்சியும் சளியும். பனிச்சறுக்கு வீரர்களுக்கு வரும் ஆஸ்துமா மாதிரி.

ஏன் புண்? ஓடும்போது ரத்தம் தசைக்குத் திருப்பிவிடப்படும், குடலுக்குப் போவது குறையும். அமிலம் சுவரை அரிக்கும். இது எங்கே கொண்டு விடும் என்றால், புண் இருக்கும் நாய் வாந்தி எடுக்கும், களைத்த நிலையில் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும், நிமோனியா. பந்தயத்தில் இறந்த நாய்களின் பிரேதப் பரிசோதனையில் அடிக்கடி வருவது இதுதான். இப்போது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை முன்கூட்டியே கொடுக்கிறார்கள். நாம காலையில வெறும் வயிற்றில் போடும் அதே வகை மாத்திரைதான்.

பந்தயத்தை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதல் வாதம், "அந்த நாய்களைப் பாருங்க, ஓடத் துடிக்குதுங்க." அது பொய் இல்லை. புறப்படும் இடத்தின் காணொளி எதையாவது பாருங்க. குதிக்கும், ஊளையிடும், வாரை இழுத்துக்கொண்டு முன்னே பாயும். அடித்து ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரக்கணக்கான வருஷம் அதற்காகவே மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த விலங்கு அது. சைபீரியத் தீவு ஒன்றில் 9,500 வருஷத்துக்கு முந்தைய வண்டி நாயின் மரபணுவையே படித்துவிட்டார்கள்.

ஒரு மருத்துவனாக எனக்கு இடிப்பது இங்கேதான். இரைப்பையில் புண்ணோடு அதே நாய் அதே துள்ளலோடு நிற்கிறது. அந்தப் பாதி நாய்களில் பெரும்பாலானவை வெளியே எந்த அறிகுறியும் காட்டவில்லை. அப்படியானால் துள்ளலை வைத்து ஆரோக்கியத்தை எடை போட முடியாது. "தானா ஓடுது" என்பது நாயின் சம்மதம் இல்லை. நெஞ்சுவலியை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் மனிதனையாவது "எங்கே வலிக்குது" என்று கேட்கலாம்.

அடுத்து, வேகம். 1973ல் வென்றவருக்கு 20 நாள் ஆனது. 2017ல் 8 நாள் 3 மணி நேரம். பாதை, தீவனம், வளர்ப்பு எல்லாம் மேம்பட்டிருக்கு, சரி. ஆனால் ஓய்வின் அளவை விதி தீர்மானிக்காத இடத்தில் எல்லாம் போட்டி தீர்மானிக்கும். கட்டாய ஓய்வைக் கூட்டினால் பந்தயம் மெதுவாகும், யாருக்கும் நஷ்டமில்லை. நோம் ஊரில் இப்போது யாரும் மருந்துக்குக் காத்திருக்கவில்லையே.

பணமும் பேச ஆரம்பித்துவிட்டது. 2017ல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி விலகியது. பிறகு அலாஸ்கா ஏர்லைன்ஸ், எக்ஸான்மொபில். 2023ல் 33 பேர்தான் கிளம்பினார்கள், முதல் பந்தயத்தைவிட ஒருவர் குறைவு.

அப்போ தடை செய்துவிடலாமா? அவ்வளவு சுலபமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பந்தயமே இல்லாத இடத்தில் நடந்ததையும் பார்க்கணும். 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் சுற்றுலாக் கூட்டம் குறைந்தது. அங்கே விஸ்லர் பகுதியில் சவாரி நிறுவனம் ஒன்றின் உபரி நாய்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டன. பிறகு தோண்டியபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட உடல்கள். வெளியே எப்படித் தெரிந்தது? கொன்ற ஊழியருக்கு அந்த நினைவுகளால் மனநோய் வந்து, தொழிலாளர் இழப்பீடு கேட்டு மனு போட்டார். அந்த மனுவில் இருந்துதான்.

இன்னொன்று, கனடாவின் வடக்கு கியூபெக்கில் நுனாவிக். 1950களிலும் 60களிலும், தெருவில் திரியும் நாய் ஆபத்து என்ற பெயரில் இனூயிட் மக்களின் வண்டி நாய்களைப் போலீசும் அதிகாரிகளும் சுட்டுத் தள்ளினார்கள். ஆயிரத்துக்கும் மேல். நாய் போனால் அந்தக் குடும்பத்துக்கு வேட்டை போச்சு, உணவு போச்சு. சிறு ஊர்களில் முடங்கி, அரசு உதவியை எதிர்பார்த்து நிற்கும் நிலைக்கு வந்தார்கள். நாயைக் கட்டிப் போடு, இல்லாவிட்டால் சுடுவோம் என்று சொன்னவர்களுக்கு, பனியில் வாழ்பவனுக்கு நாய் என்றால் என்ன என்று தெரியவில்லை.

2011ல் கியூபெக் அரசு மன்னிப்புக் கேட்டது. கனடா மத்திய அரசு கேட்டது 2024 நவம்பரில்தான், 4.5 கோடி டாலர் இழப்பீட்டோடு. அந்த ஊருக்கே போய் அந்த மக்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்ட அமைச்சர் ஒரு ஈழத்தமிழர், ஹரி ஆனந்தசங்கரி. அந்த இழப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதி, நுனாவிக்கில் வண்டி நாய்களை மறுபடி வளர்ப்பதற்கு.